மேட்டுப் பாத்திக் கொடி

டப்பாவின் மேல் பெரிய பெயர் எழுதியிருக்கும். அம்மோனியம் மாலிப்டேட். எங்கள் வாயில் அது நுழையவில்லை. மாலி உப்பு என்போம். கல்லுப்பை நுணுக்கி வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். வாசனை கிடையாது. கையில் பட்டால் எரியாது. பூச்சி மருந்து டப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட இதைப் பார்த்துப் பயந்ததில்லை.

நீங்கள் ஆராய்ச்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். படித்தவர்கள். அந்த உப்பு என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஐந்தாவதோடு நின்றவன். ஏற்காட்டில் அந்த ஆராய்ச்சித் தோட்டத்தில் மண் வெட்டினேன், விதை போட்டேன், தெளித்தேன், எடை போட்டேன். ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. அதனால் உப்பைப் பற்றிச் சொல்லமாட்டேன். ஒரு மாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மலை மண் புளிப்பு மண். பீன்ஸ் போட்டால் இலை வெளுக்கும். அந்த உப்பில் இருக்கிற மாலிப்டினம் என்ற சத்து மண்ணில் இருந்தாலும் புளிப்பு அதைச் செடிக்கு விடாமல் பிடித்துக்கொள்கிறது என்றார் எங்கள் அய்யா. அவர்தான் ஆராய்ச்சி அலுவலர். தெற்குச் சீமைக்காரர். வயது குறைவு. கோபம் குறைவு. பேச்சும் குறைவு. எனக்கு ஒத்துப்போனது.

அந்த உப்பு ஒரு விளைகாட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். சிட்டிகை போட்ட இடம் பச்சையானது. எல்லோருக்கும் சந்தோஷம். அய்யாவுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது. சிட்டிகை போதும் சரி, விவசாயி கை தவறி அள்ளிப் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு ஒரு சோதனை போட்டோம். சரிவில் வரிசையாகப் பாத்திகள். கீழ்ப் பாத்திக்கு ஒன்றும் இல்லை. மேலே போகப் போக உப்பு கூடும். கடைசியாக மேட்டுப் பாத்தி. மண்ணின் புளிப்பு முறிய அதில் சுண்ணாம்பும் போட்டு, மாலி உப்பை வேண்டுமென்றே பல மடங்கு போட்டோம். செடி கருகும் என்று நான் நினைத்தேன்.

கருகவில்லை. இருந்ததிலேயே நல்ல பச்சை மேட்டுப் பாத்திதான். கொடி விரல் தடிமனுக்கு இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

இதை முதலில் மனதில் வையுங்கள். செடி நன்றாக நின்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அந்தச் செடியை அடுத்து யார் தின்னப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

அய்யா அதையும் கேட்டிருந்தார். மேட்டுப் பாத்திக் காயை எடை போட்டதும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். புதைத்தோம். எல்லாப் பாத்திக் கொடியையும் எரிக்கச் சொன்னார். அப்போது மழை விட்டுவிட்டுப் பெய்து கொடி ஈரமாக இருந்தது. ஈரக் கொடி எரியாது. தோட்டத்து மேல் பக்கம் ஒரு பாறை உண்டு. அகலமான பாறை. அதில் பரப்பிக் காய வைத்து எரிக்கலாம் என்றார். சரியான யோசனைதான். அவர் இருந்த ஊரில் பாறை என்றால் பாறை மட்டும்தான்.

எங்கள் பக்கம் அப்படியில்லை. காய் பறித்து முடித்த கொடியைப் பாறையில் போட்டால், பறித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிலத்துக்காரன் கொடுக்க விரும்பவில்லை என்றால் பாறையில் போடமாட்டான், வரப்பிலேயே போட்டு வைப்பான். காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களும், சொந்தமாகக் கேழ்வரகு போடுகிறவர்களும், கோயிலுக்குப் போகிறவர்களும், சர்ச்சுக்குப் போகிறவர்களும் எல்லோரும் அப்படித்தான்.

கொடியைப் பரப்பிய அன்று நான் ஊரில் இல்லை. இலை மாதிரிகளை மூட்டை கட்டி சேலத்துக்கு எடுத்துப் போயிருந்தேன். அங்கிருந்து கோயம்புத்தூர் சோதனைக்கூடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். லாரி கிடைக்கவில்லை. தங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் பாறை சுத்தமாக இருந்தது. யாரும் எடுக்கும் முன் அய்யா எரித்துவிட்டார், கரியை மழை கழுவிவிட்டது என்று நான் நினைத்தேன். நான் வந்து எரித்துவிட்டேன் என்று அய்யா நினைத்தார். இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. பேச்சுக் குறைந்தவர்கள் சேர்ந்து வேலை செய்தால் இப்படி ஒரு கெடுதல் உண்டு.

பருவமழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை பிடித்தால் மாட்டைக் காட்டுக்கு ஓட்ட முடியாது. கட்டுத்தறியிலேயே கட்டிப் போட்டு, சேர்த்து வைத்ததைப் போடுவார்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவர்களில் சகாயமேரி என்று ஒருத்தி. வீடு பக்கத்து ஊரான தலைச்சோலையில். புருஷன் லூர்து பக்கத்து எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன். காப்பி இலையில் துரு நோய் வரும். அதற்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். லூர்துவின் சட்டை, கை, தலைமயிர் எல்லாம் அந்த நீலம் ஏறி இருக்கும்.

பிள்ளை இல்லாத குடும்பம். ஒரு மாடு இருந்தது. கருப்பு மாடு. கன்றுக்குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தாள். முதல் சினை. வேலைக்கு வந்தாலும் அந்தப் பேச்சுதான். மற்றப் பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஏன் மேரி, மாட்டுக்கு வளைகாப்பு எப்பொ?"

"நீ சீர் கொண்டாந்தா நாளைக்கே வெச்சரலாம்" என்பாள்.

அந்த மேரி இரண்டு மூன்று நாளாக வேலைக்கு வரவில்லை. வந்த அன்று முகம் சரியில்லை. வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"என்ன மேரி?"

"மாடு கழியுதுங்கண்ணா. நிக்கவே மாட்டேங்குது. தண்ணியாட்டம் போவுது, நொரை நொரையா. கன்னு உள்ள இருக்குது."

"டாக்டர்கிட்டக் காமிச்சியா?"

"காமிச்சனுங்க. துத்தம் உள்ள போயிருக்குதுன்னு சொல்லீட்டாரு. இந்த ஆளு எஸ்டேட்டு வாளிய ஊட்டுக்கு எடுத்தாந்து அதுலதான் தண்ணி காட்டியிருக்கறான். கழுவுனேன் கழுவுனேன்ங்கறான். கழுவுனா துத்தம் போயிருமா?"

வாளியை ஓடையில் எறிந்துவிட்டாளாம். புருஷனைக் கட்டுத்தறிப் பக்கம் விடுவதில்லை. அவன் வெளியே கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.

டாக்டர் அப்படிச் சொன்னதில் தப்பு இல்லை. மருந்தடிக்கிறவன் வீட்டு மாடு கழிந்தால் எந்த டாக்டரும் துத்தத்தைத்தான் நினைப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் மாட்டின் நிலை மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போனது. வாளி போய் நாளாகியும் கழிச்சல் நிற்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பார்க்கப் போனேன். வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு எட்டு.

மாடு நின்றுகொண்டுதான் இருந்தது. முதுகு வளைந்திருந்தது. கால் மாற்றி வைக்கும்போது முட்டியில் வலி உள்ளவன் படி ஏறுவதுபோல் வைத்தது. கண்ணைச் சுற்றி மயிர் நரைத்திருந்தது. கருப்பு மாட்டுக்கு யாரோ வெள்ளைக் கண்ணாடி போட்டுவிட்ட மாதிரி. இதை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"கண்ணு ஏன் இப்பிடி இருக்குது?"

"கொஞ்ச நாளாவே அப்பிடித்தானுங்க. ஈ மொய்க்குதேன்னு நெனைச்சேன்."

அப்போது அவள் பரணிலிருந்து ஒரு கை கொடி இழுத்துத் தீனி வைக்கும் காடியில் போட்டாள். காய்ந்தும் பச்சை போகாத கொடி. விரல் தடிமன்.

"இது எந்தக் கொடி?"

"நம்ம தோட்டத்துக் கொடிதானுங்கண்ணா. பாறையில கெடந்துதே. எல்லாரும் எடுத்தாங்க. நான் மேட்டுப் பாத்திக் கொடியாப் பாத்து எடுத்தேன். அதுதான் நல்ல பச்சை. சினை மாட்டுக்குன்னு தனியா வெச்சு நாளும் போடறேன்."

நான் குனிந்து காடியில் இருந்த கொடியை அள்ளி வெளியே எடுத்தேன்.

"ஏனுங்கண்ணா?"

"இதைப் போடாதே. வைக்கல் இருந்தா போடு. இல்லீன்னா பட்டினி போடு. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"யாரைக் கேக்கப் போறீங்க?"

கொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு உறுதியாக ஒன்றும் தெரியாது. புதைக்கச் சொன்ன பாத்தி, எரிக்கச் சொன்ன கொடி. அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் காலை அய்யாவிடம் போனேன். அந்தக் கொடியில் ஒரு கைப்பிடியை மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கண்ணைச் சுற்றி நரைத்ததைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். திரும்ப உட்கார்ந்தார்.

"பாறையில இருந்தத நீங்க எரிக்கலையா?"

"இல்லீங்க. நீங்க எரிச்சீங்கன்னு இருந்தேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். மாலிப்டினம் மாட்டு வயிற்றில் அதிகமானால் உடம்பில் இருக்கும் தாமிரத்தைப் பிடித்துக் கட்டிவிடும். தாமிரம் போனால் கழியும், மயிர் வெளுக்கும், எலும்பு நோகும், கன்றுக்கும் ஆகாது. வெளிநாட்டில் மேய்ச்சல் நிலத்திலேயே இப்படி வந்திருக்கிறதாம். அதற்கு மருந்து என்ன என்றால் தாமிரம்தான். அதாவது துத்தம், அது தாமிர உப்பு.

நான் கேட்டேன். "டாக்டர் துத்தம்தான் வெசம்னு சொல்லியிருக்காரே?"

"அதான் சிக்கல்."

சிக்கல் என்னவென்று அப்போதே புரிந்தது. மாலி உப்பால் வந்தது என்றால் துத்தம் கொடுக்க வேண்டும். துத்தத்தால் வந்தது என்றால், இன்னும் துத்தம் கொடுத்தால் மாடு செத்துவிடும். இரண்டில் ஒன்று. வீட்டில் இரண்டும் இருந்திருக்கிறது.

அய்யா அந்தக் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பாக்கலாம். அளவு தெரிஞ்சிட்டா உறுதியாச் சொல்லிடலாம்" என்றார்.

"எப்ப வரும்ங்க?"

இலை மாதிரி அனுப்பியதற்கே இன்னும் பதில் வரவில்லை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அடுத்த வாரம் மேலிடத்துலருந்து குழு வருது" என்றார். யாரிடமோ சொல்கிற மாதிரி. "மலையில விவசாயிங்க நிலத்துல இந்த உப்பப் போட அனுமதி கேட்டிருக்கேன். அதைப் பாக்கத்தான் வராங்க. இந்த நேரத்துல மாலிப்டினத்தால மாடு செத்துச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பினா..."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். அந்த உப்பு மலையில் எத்தனை காட்டைப் பச்சையாக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மாட்டால் அது நின்றுவிடக்கூடாது என்று நினைத்தார். மாடும் எப்படியும் சாகத்தான் போகிறது, வாளி மேல் பழி விழுந்தாகிவிட்டது, லூர்து ஏற்றுக்கொண்டுவிட்டான். பேசாமல் இருந்தால் போதும். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தெரிந்தது.

நான் நின்றேன். வெளியே மழை பலத்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் மெல்லப் பேசினால் கேட்காது. அதனால் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது.

"அய்யா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி நான் அவரிடம் பேசியதில்லை. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அவர் கையெழுத்தில்தான் இருந்தது.

குடையை எடுத்தார். "டாக்டர் எங்க இருப்பார்?"

உறுதியாகத் தெரியாமல் வாயைத் திறக்காதே என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கட்டுரை எழுதும்போது அது சரி. மாடு காடியில் தின்றுகொண்டிருக்கும்போது சரியில்லை. தெரிந்த மட்டும் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

ஒண்டிக்கடை முக்கில் விசாரித்தால் டாக்டர் கொட்டச்சேடு என்கிற ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஓடவில்லை. பாதையில் மரம் விழுந்திருந்தது. அய்யாவைத் தலைச்சோலைக்குப் போகச் சொல்லிவிட்டு நான் எஸ்டேட் குறுக்கே இறங்கி நடந்தேன். காப்பிச் செடி இடுக்கில் அட்டை கடித்தது. கடிக்கட்டும் என்று நடந்தேன்.

டாக்டர் வயதானவர். சேலத்துக்காரர். ஒரு எருமைக்குக் கை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைத் திரும்பாமலே கேட்டார்.

"உங்க ஆராய்ச்சிக்காரரு மாட்டுக்கும் வைத்தியம் பாக்க ஆரம்பிச்சுட்டாரா?"

"இல்லீங்க. உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு."

"நான் ஒண்ணு சொல்லி, அவரு ஒண்ணு சொல்லி, மாடு ரெண்டையும் கேட்டுட்டு சாவோணுமா?"

பேசினாரே தவிர கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எவ்வளவு உப்பு, எவ்வளவு நாளாகத் தின்றது, நரை எந்த இடத்தில். கேட்கக் கேட்கப் பேச்சு குறைந்தது.

நாங்கள் போனபோது அய்யா மழையில் வாசல் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மேரி அவரை உள்ளே விடவில்லை. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. லூர்து எழுந்து நின்றிருந்தான். கோணிப்பை கீழே கிடந்தது.

"பச்சையா இருந்துதுங்க" என்றாள் டாக்டரிடம். "நல்லதுன்னு போட்டேன்."

டாக்டர் உள்ளே போனார். கண்ணிமையைக் கிழித்த மாதிரி இழுத்துப் பார்த்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது, மஞ்சள் இல்லை. வாயைத் திறந்து பார்த்தார். வயிற்றில் கை வைத்துக் கன்று அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது.

வெளியே வந்து அய்யாவைப் பார்த்தார்.

"துத்தம் அதிகமாகி ரத்தம் கெட்டிருந்தா மூத்திரம் செவப்பா வரும். கண்ணு மஞ்சளாகும். மஞ்சள் இல்லை. மூத்திரம் எப்படிப் போவுதும்மா?"

"தெரியலீங்களே. கழிச்சலோட சேந்து போவுது. மழை வேற."

"அப்பக் காத்திருக்கோணும். தனியாப் பாக்கோணும். செவப்பா வந்துதுன்னா துத்தம் குடுக்கவே கூடாது. அப்புறம் ஒண்ணும் பண்றதுக்கில்லை."

காத்திருந்தோம். ஒரு டாக்டர், ஒரு ஆராய்ச்சிக்காரர், ஒரு மருந்தடிக்கிறவன், ஒரு மண்வெட்டிக்காரன். நான்கு ஆண்களும் ஒரு பசுவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மழை கூரையிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. அய்யாவின் செருப்புக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

நேரம் போனது. மாடு ஒன்றும் செய்யவில்லை.

"வேணும்ங்கறப்ப வராது" என்றான் லூர்து. அன்று அவன் பேசிய முதல் பேச்சு. மேரி அவனை முறைத்தாள்.

பிறகு அவளே பின்னால் போய், வாலைத் தூக்கி, அடியில் விரலால் மெல்லத் தடவிக் கொடுத்தாள். வாயில் ஏதோ முணுமுணுத்தாள். மாட்டிடம் பேசினாளா, மாதாவிடம் பேசினாளா தெரியாது. மாடு முதுகை இன்னும் வளைத்தது. டாக்டர் ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

சிவப்பு இல்லை, எப்போதும் போகிற இளமஞ்சள்தான். தெளிவாக இருந்தது.

அய்யா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டாக்டர் விடவில்லை. "இதை வெச்சு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது" என்றார். "வாளித் தண்ணியும் குடிச்சிருக்குது. கொடியும் தின்னிருக்குது. சினை வேற. குடுத்துப் பாக்கலாம். கொஞ்சமாக் குடுக்கலாம். தப்பாப் போச்சுன்னா நாளைக்கே தெரிஞ்சுரும். குடுக்காட்டி ரெண்டு மூணு நாள்ல அதுவாப் போயிரும்." மேரியைப் பார்த்தார். "உன் மாடு. நீ சொல்லு."

மேரி அய்யாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. பொழைக்குமா?"

அந்த இடத்தில் பொய் சொல்வது எளிது. பொழைச்சிடும்மா என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். எத்தனையோ அதிகாரிகள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"தெரியலம்மா" என்றார் அய்யா. "எங்க கொடியாலதான் வந்துச்சுன்னு நினைக்கிறேன். அப்படின்னா இது கேக்கும். நான் நினைக்கிறது தப்பா இருந்தா மாடு செத்துடும்."

மேரி மாட்டின் கழுத்தைத் தடவினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். வாளியை எறிந்த பிறகு அன்றுதான் அவனிடம் பேசினாள்.

"எஸ்டேட்டுல போயி துத்தம் எடுத்துட்டு வா."

லூர்து மழையில் ஓடினான். கணக்கு எழுதும் ரைட்டரிடம் கெஞ்சி ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தான். டாக்டர் மண்சட்டி கேட்டார். இரும்பில் துத்தம் கரைக்கக் கூடாது. அவர் கேட்கும்போதே லூர்து கையில் மண்சட்டி இருந்தது. டாக்டர் விரல் நுனியில் நிற்கும் அளவு எடுத்துப் போட்டார். சட்டி நிறையத் தண்ணீர். இலேசான நீலம் ஓடியது, அவ்வளவுதான். மூங்கில் குழாயில் ஊற்றினார்கள்.

குழாயை டாக்டர் அய்யாவிடம் நீட்டினார். வேண்டுமென்றே நீட்டினாரா, பக்கத்தில் நின்றதால் நீட்டினாரா, எனக்குத் தெரியாது. அய்யா கை நீட்டினார். மேரி குறுக்கே வந்தாள்.

"அவரு வேண்டாம். மாட்டுக்கு அவரைத் தெரியாது, மெரளும்." லூர்துவைப் பார்த்தாள். "நீயே ஊத்து."

அவன் மாட்டின் தாடையைத் தூக்கிப் பிடித்தான். நீலம் ஏறிய விரல்கள். "குடி சாமி, குடி" என்றான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அன்று மாலைக்குள் நானும் அய்யாவும் பாறையில் கொடி எடுத்த வீடெல்லாம் போனோம். மற்றவர்கள் எடுத்தது கீழே இருந்த, உப்பு குறைந்த பாத்திகளின் கொடி. அதனால் கெடுதல் இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினோம். ஒவ்வொரு வீட்டிலும் அய்யாதான் பேசினார். என்னைப் பேச விடவில்லை. வீட்டுக்காரர்கள் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் ஒரு பெரியவர்.

"நாங்க குடுக்கலைங்க. எரிக்க வெச்சிருந்தோம்."

"எரிக்கறதுன்னா பாறையில ஏனுங்க போட்டீங்க?"

அய்யா தலையில் கொடிக் கட்டை வைத்துக்கொண்டு நடந்தார். அதிகாரி தலைச்சுமை தூக்கியதைத் தலைச்சோலை அன்றுதான் பார்த்தது. கடைக்காரன் வாயைப் பொத்திச் சிரித்தான். அன்றே எல்லாவற்றையும் புதைத்தோம். ஆழமாகப் புதைத்தோம்.

மறுநாள் காலை அய்யாவோடு போனேன். படலுக்கு இந்தப் பக்கமே நின்றோம். உள்ளே சத்தம் இல்லை. ஒரு மாடு செத்த வீட்டில் சத்தம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லூர்து வெளியே வந்தான்.

"நிக்குதுங்க" என்றான். "கழிச்சல் கொஞ்சம் கட்டியிருக்குது. வைக்கல் கடிச்சுது."

டாக்டர் இன்னும் சில நாள் அதே அளவு கொடுக்கச் சொன்னார். கூட்டவில்லை. அந்த வாரத்துக்குள் கழிச்சல் நின்றது. முதுகு நிமிர்ந்தது. கார்த்திகை மழை விடும் முன் கன்று போட்டது. கிடாரி, பெண் கன்று. மெலிந்த கன்று. பிறந்ததும் எழவில்லை. மேரி மடியில் போட்டு, பாலைப் பீய்ச்சி, துணியில் நனைத்து ஊட்டினாள். பிறகு எழுந்தது. நடை கடைசிவரை கொஞ்சம் கோணல்தான்.

குழு வந்தது. அய்யா மறைக்கவில்லை. மேட்டுப் பாத்தியைக் காட்டினார், பாறையைக் காட்டினார், மாட்டையும் கூட்டிப்போய்க் காட்டினார். விவசாயிகள் நிலத்துக்கு அப்போது அனுமதி கிடைக்கவில்லை. உப்பை யாரும் அள்ளிப் போட முடியாதபடி விதையில் தடவிக் கொடுக்க ஒரு வழி செய்துவிட்டு வரச் சொன்னார்கள். அதற்குச் சில வருடம் ஆனது. இப்போது நீங்கள் மலையில் விதைக்கு நேர்த்தி செய்து கொடுக்கிறீர்களே, அது அப்படி வந்ததுதான். கோயம்புத்தூரிலிருந்து கொடியின் அளவும் வந்தது. அய்யா நினைத்தது சரி. அது வந்தபோது கன்று துள்ள ஆரம்பித்திருந்தது.

இனி பாறையில் எதையும் காயப்போடாதீர்கள். அதற்கு மேல் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. புது ஊருக்குப் போனால் முதல் வேலையாக அந்த ஊரில் பாறைக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்.

மாட்டின் கண்ணைச் சுற்றி இருந்த நரை உடனே போகவில்லை. புது மயிர் முளைத்துத்தான் போக வேண்டும். அதைப் பார்க்க அய்யா வாராவாரம் தலைச்சோலைக்குப் போவார். நானும் போவேன். மேரி மாட்டை வெளியே ஓட்டிவந்து காட்டுவாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். உள்ளே வாங்க என்று சொன்னதில்லை. அவர் படலுக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு வருவார்.

பனிக்காலம் முடிகிற சமயம். அன்றும் போனோம். மாட்டின் முகம் முழுக்கக் கருப்பு. வெள்ளை ஒரு இணுக்கு இல்லை. அய்யா இரண்டு கண்ணையும் பார்த்தார். தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"இருங்க" என்றாள் மேரி.

உள்ளே போனாள். ஒரு டம்ளரோடு வந்தாள். படலைத் திறந்தாள்.

"இந்த மாட்டுப் பால்ங்க. காப்பி போட்டிருக்கறேன். குடிப்பீங்களா?"

எங்கள் கொடியைத் தின்ற மாடு. அதன் பால். அவள் கேட்டது என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லூர்து கன்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றான்.

அய்யா செருப்பை வெளியே விட்டார். உள்ளே போனார். கீழே உட்கார்ந்து டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு டம்ளரை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?"

மேரி உள்ளே போய் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.